கொட்டாஞ்சேனை வீட்டை ‘இல்லம்’ ஆக்கலாமா எண்டு கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே. கொட்டாஞ்சேனையில அம்மம்மாட வீடு பூட்டிக் கிடக்குது, சகோதரங்கள் எல்லாரும் டொரோன்டோவில, விக்க மனம் இல்லை, புறக்கோட்டைப் பக்கம் றோட்டில படுக்கிற மனநோய் உள்ள ஆக்களுக்கு அதை ஒரு இல்லமா ஆக்கலாமா, மேலயும் கீழயும் சேத்து 25 கட்டில் போடலாம், என்ன என்ன செய்யவேணும் எண்டு. நான் கொழும்பில இந்த வேலையில கனகாலமா இருக்கிறன், வார்ட்டுக்குள்ளயும் இருந்திருக்கிறன் வெளியிலயும் இருந்திருக்கிறன், அதால தெரிஞ்சதைச் சொல்லுறன். நீளமா வரும், ஆறுதலா வாசியுங்கோ.

முதல்ல அந்த 25 கட்டிலை விடுங்கோ. நாலு பேர், கூடினா அஞ்சு பேர், அதுக்கு மேல வேண்டாம். இதை வாசிக்கேக்க உங்களுக்கு ஏமாற்றமா இருக்கும், இவ்வளவு பெரிய வீட்டில நாலு பேரா எண்டு. ஆனா 25 பேரை ஒரு கூரைக்குக் கீழ வச்சா அது வீடு இல்லை, சின்ன ஆஸ்பத்திரி. சாப்பாட்டுக்கு மணி அடிக்கவேணும், குளிக்க வரிசை வேணும், உடுப்பெல்லாம் ஒண்டா தோய்ச்சு ஆரோடது ஆருக்கு எண்டு தெரியாமல் போகும், கேற்றுக்குப் பூட்டு வரும், கடைசியில ஒரு மேட்ரன் வருவா. அங்கொடை, முல்லேரியா மனநல ஆஸ்பத்திரியள் ஒரு காலத்தில எப்பிடி நிரம்பி வழிஞ்சது எண்டு உங்கட அம்மாவையைக் கேட்டாலே சொல்லுவினம், சுகமாகிப்போன ஆக்களும் கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லாமல் வருசக்கணக்கா அங்கேயே கிடந்தவை. இப்ப அங்கொடையில இருக்கிறது தேசிய மனநல நிறுவனம், எவ்வளவோ மாறீட்டுது, ஆனா ‘உன்னை அங்கொடைக்கு அனுப்பவேணும்’ எண்டு ஆக்களை நக்கலடிக்கிறது மட்டும் இன்னும் நிக்கேல்லை. கடலுக்கு அங்கால தமிழ்நாட்டில, ஏர்வாடியில 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி மனநோய் உள்ள ஆக்களை வச்சிருந்த கொட்டகையில நெருப்புப் பிடிச்சு 28 பேர் செத்தவை, சங்கிலியால கட்டி வச்சிருந்ததால ஓட ஏலாமல் போச்சுது. உங்களிட்டச் சங்கிலி வரும் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா ஆள் கூடக் கூட, பாக்கிற ஆள் குறையக் குறைய, பூட்டு தன்பாட்டில வந்து சேரும், அதுதான் என்ட பயம்.

சரி, அப்ப என்ன செய்யிறது? வெளிநாட்டில இதுக்கு நல்ல உதாரணம் உங்கட டொரோன்டோவிலேயே இருக்கு. ஆனா தொடங்கினது நியூயோர்க்கில. 1992இல அங்க சாம் செம்பெரிஸ் எண்ட உளவியலாளர் பாத்வேய்ஸ் டு ஹவுசிங் எண்டு ஒண்டைத் தொடங்கினவர். அதுக்கு முந்தி எல்லா இடத்திலயும் ஒரே முறைதான், முதல்ல குடியை விடு, மருந்தை ஒழுங்காப் போடு, ஷெல்டரில ஒழுங்கா இருந்து காட்டு, பிறகு பாப்பம் வீடு தரலாமா எண்டு. அவர் அதைத் திருப்பிப் போட்டார், முதல்ல வீட்டுத் திறப்பைக் கையில குடு, வைத்தியத்தை அதுக்கு நிபந்தனையா வைக்காதை, உதவி செய்யிற ஆக்கள் அவரிட்டப் போய்வரட்டும் எண்டு. ஹவுசிங் ஃபேர்ஸ்ட், ‘முதல்ல வீடு’ எண்டு சொல்லுறது இதைத்தான். கனடாவில 2009இல இருந்து 2013 மட்டும் அட் ஹோம் எண்ட பேரில டொரோன்டோவோட சேத்து அஞ்சு நகரத்தில ரெண்டாயிரத்துக்கு மேல ஆக்களை வச்சுப் பெரிய ஆய்வு ஒண்டு செய்தவை. ரெண்டு வருசத்தில, இப்பிடி வீடு கிடைச்ச ஆக்கள் 73 வீதமான காலம் நிலையான வீட்டில இருந்திச்சினம், வழமையான சேவையில விட்ட ஆக்கள் 32 வீதம்தான். ஆனா அதே ஆய்வில இன்னொண்டும் இருக்கு, கனபேர் அதைச் சொல்லமாட்டினம்: நோயின்ர அறிகுறி ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவிலதான் குறைஞ்சது. எண்டால், வீடு குடுத்தாக் காதுக்குள்ள கேக்கிற குரல் நிண்டுபோகாது. குரல் கேக்கிற ஆள் மழையில நனையாமல், அடி வாங்காமல், தன்ட கட்டிலில படுப்பார். அதுவே காணும் எண்டு நீங்களும் உங்கட சகோதரங்களும் நினைச்சாத்தான் இதில இறங்கவேணும். ஆறு மாசத்தில ஆள் சுகமாகி வேலைக்குப் போகவேணும் எண்டு எதிர்பாத்தீங்களெண்டால் எல்லாருக்கும் கஷ்டம்.

கனடா முறையை அப்பிடியே இங்க இறக்க ஏலாது. அங்க ஆள் தன்ட வருமானத்தில ஒரு 30 வீதம் மட்டும் வாடகைக்குக் குடுக்க, மிச்சத்தைத் திட்டம் குடுக்கும், ஆக்கள் தனித்தனி அபார்ட்மென்டில. கொழும்பில அப்பிடி வாடகைக்குக் காசு குடுக்க ஆர் இருக்கினம்? ஒரு ஆம்பிளை தனியப் போய், வேலை இல்லை, ஆஸ்பத்திரியால வந்தனான் எண்டு சொல்லி ஒரு அனெக்ஸ் கேட்டுப் பாக்கட்டும், புரோக்கர் போனையே எடுக்கமாட்டான். அதால எங்களுக்குக் கிட்டின முறை சென்னையில இருக்கு. த பான்யன் எண்ட அமைப்பு, 1993இல வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் எண்ட ரெண்டு இளம்பெண்கள் றோட்டில திரிஞ்ச மனநோய் உள்ள பெண்களுக்காகத் தொடங்கினது. முதல்ல அவையும் பெரிய தங்குமிடம்தான் நடத்தினவை. குடும்பத்தோட கொண்டுபோய்ச் சேக்க ஏலாத ஆக்கள் அங்கேயே தங்கித் தங்கி வருசம் போகத் தொடங்கினதாலதான் 2015இல ஹோம் அகெய்ன் எண்டு வேற ஒண்டு தொடங்கிச்சினம். ஊருக்குள்ள சாதாரண வீடு ஒண்டு வாடகைக்கு எடுத்து, ஒருத்தரோட ஒருத்தர் ஒத்துப்போற நாலு அஞ்சு பேர் ஒரு குடும்பம் மாதிரி இருப்பினம், கூடவே உதவிக்கு ஆள் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021இல வெளியிட்ட வழிகாட்டியில இதை நல்ல முன்மாதிரிகளில ஒண்டாப் போட்டிருக்கு. உங்கட வீட்டுக்குப் பொருந்துறது இதுதான். கீழ் தட்டு மட்டும் இதுக்கு எடுங்கோ, மேல் தட்டைச் சாதாரணமா வாடகைக்கு விடுங்கோ, அந்த வாடகை கீழ் வீட்டுச் செலவில ஒரு பங்கைத் தூக்கும்.

செலவு எண்ட உடன நீங்கள் கட்டில், மெத்தை, பெயின்ட், தண்ணித் தாங்கி எண்டு கணக்குப் போடுவீங்கள். அது ஒருதரம் வாற செலவு. மாசா மாசம் காசு போறது ஆளுக்கு. அந்த வீட்டில ஆர் இருக்கப்போகினம், எத்தினை பேர் மாறி மாறி, அவைக்கு லீவு எப்ப, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டுறீங்களா, இதுதான் முழுத் திட்டமும். நேர்ஸ் தேவையில்லை. நான் எடுக்கிறதெண்டால் அந்த ஒழுங்கைக்குக் கிட்ட இருக்கிற, தமிழும் சிங்களமும் கதைக்கத் தெரிஞ்ச, வீடு நடத்திப் பழகின ஒரு பொம்பிளையைத்தான் எடுப்பன், கோபம் கெதியா வராத ஆளா. பயிற்சி பிறகு குடுக்கலாம். ஒரு ஆள் காணாது, ரெண்டு பேராவது வேணும், ஒரே ஆளை இரவு பகலா வச்சால் மூண்டு மாசத்தில அந்தப் பிள்ளைக்கே மருந்து தேவைப்படும். அவை சமைச்சுக் குடுக்கிறதும் இல்லை வேலை, கூட நிண்டு சமைக்கிறது. சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போய் மீனுக்குப் பேரம் பேச விடுறது. விடியக்காலமை கிளினிக்குக்குப் போய் நம்பர் எடுத்து அவரோட குந்தியிருக்கிறது, டொக்டர் ‘எப்பிடி, ஓகேயா’ எண்டு ஒரு நிமிசத்தில எழுதி அனுப்பேக்க ‘இல்லை டொக்டர், இவருக்குக் கை நடுங்குது’ எண்டு சொல்லுறது.

தமிழ் எண்டு ஏன் சொன்னனான் எண்டால், கொழும்பு றோட்டில இருக்கிற எங்கட ஆக்களின்ர கதை கொஞ்சம் வேற. சின்ன வயசில மலையகத் தோட்டத்தில இருந்து வீட்டு வேலைக்கு, கடை வேலைக்கு எண்டு கொண்டுவந்து விட்டு, நோய் வந்த உடன முதலாளி பஸ் ஸ்டாண்டில விட்டுட்டுப் போன ஆக்கள் இருக்கினம். சண்டை நேரம் லொட்ஜில வந்து நிண்டு, வீட்டுக்காரர் வெளிநாடு போக, தனிச்சுப்போன ஆக்கள் இருக்கினம். சிங்களம் வடிவாத் தெரியாது. ஒரு இடத்தில நான் பாத்திருக்கிறன், ஒரு அம்மா என்ன சொல்லுறா எண்டு விளங்காமல் பக்கத்துக் கட்டில் நோயாளியைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னவை, அந்த ஆளுக்கே அண்டைக்கு ஏலாத நாள். அந்த அம்மாட ஊர்ப் பேர் ஃபைலில பிழையா ஏறினது ஏறினதுதான், பேந்து எந்த ஊரில போய்ச் சொந்தத்தைத் தேடுறது.

சட்டமும் பழசு. மனநோய் பற்றின கட்டளைச் சட்டம் 1873ஆம் ஆண்டுச் சட்டம், இடையில திருத்தினாலும் அடி அதுதான், பொலிஸ் கோட்ஸ் எண்டு போற வழி. அதைவிடப் பழசு வேகிரன்ட்ஸ் சட்டம், 1841. அலைஞ்சு திரியிறதையே குற்றமாப் பாக்கிற சட்டம். அதில பிடிபட்ட பொம்பிளையளை கங்கொடவிலயில இருக்கிற மெத்செவன எண்ட அரசாங்கத் தடுப்பு இல்லத்துக்கு அனுப்புவினம், அவையில கனபேருக்குத் தேவையானது வைத்தியமும் வீடும்தான். இலங்கை 2016இல ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தின நாடு, அதின்ர 19ஆவது உறுப்புரை மற்ற ஆக்களைப்போல சமூகத்துக்குள்ள, ஆரோட எங்க இருக்கிறது எண்டு தானே தெரிஞ்செடுத்து வாழுற உரிமையைப் பற்றினது. கடதாசியில வடிவா இருக்கு. டிஸ்சார்ஜ் துண்டில விலாசம் எண்ட இடத்தில ஒண்டும் இல்லாத ஆளுக்கு அது இன்னும் வந்து சேரேல்லை.

விலாசம் எண்ட உடன ஞாபகம் வருது, உங்கட வீடு குடுக்கப்போற பெரிய சாமான் கட்டில் இல்லை, விலாசம்தான். ஐ.சி., அடையாள அட்டை, இல்லாத ஆளுக்கு பாங்க் எக்கவுன்ட் இல்லை, எக்கவுன்ட் இல்லாட்டி அஸ்வெசும மாதிரி அரசாங்க உதவிப் பணம் ஒண்டும் வராது, ஜீ.எஸ்., கிராம சேவகர், உறுதிப்படுத்த அவரின்ர பிரிவில ஒரு வீடு வேணும். பிறப்புச் சாட்சிப்பத்திரம் தேடி எடுக்கவேணும், பதிவு கிடைக்காட்டி உத்தேச வயதுச் சான்றிதழுக்கு ஓடவேணும், பிரதேச செயலகத்தில ‘நாளைக்கு வாங்கோ’ எண்டுவினம், போகவேணும். இதை எரிச்சல்படாமல் செய்யிற ஒரு ஆளைக் கண்டுபிடிச்சீங்களெண்டால் விடாதீங்கோ.

இப்ப ஆள் வீட்டுக்கு வந்தாச்சு எண்டு வைப்பம். முதல் மூண்டு மாசம்தான் கஷ்டம், இதைத்தான் ஆரும் முன்கூட்டிச் சொல்லமாட்டினம். கட்டில் இருக்க நிலத்தில படுப்பினம். றோட்டில இரவு முழிச்சிருந்து பகலில நித்திரை கொண்டுதான் உயிர் தப்பினவை, பொம்பிளையள் முக்கியமா, அந்தப் பழக்கம் உடன போகாது, இரவு ரெண்டு மணிக்கு ஹோலுக்குள்ள நடப்பினம். பையைக் கட்டி வாசலுக்குக் கிட்ட வச்சிருப்பினம், அலுமாரியில வைக்கச் சொல்லி நெருக்கக் கூடாது. சாப்பாட்டை ஒளிப்பினம், தலையணைக்குக் கீழ பாண் இருக்கும், எறும்பு வரும், வரட்டும். சிலபேர் பகலில திரும்பப் புறக்கோட்டைக்கே போவினம், அங்கதான் தெரிஞ்ச ஆக்கள், பிளேன்டீ குடுக்கிற கடைக்காரன், வணக்கம் சொல்லுற பார்சல் தூக்கிற பெடியள். வீடு குடுத்தும் றோட்டுக்குப் போறாரே எண்டு உங்களுக்குக் கோபம் வரும். அவர் சினேகிதரைப் பாக்கப் போறார், பின்னேரம் வந்து திறப்புப் போட்டு உள்ள வந்தாக் காணும். வெறும் வீட்டுக்குள்ள தனிமையில மனம் உடையிற ஆக்களை நான் கண்டிருக்கிறன், றோட்டில இருக்கேக்க இல்லாத தனிமை.

அப்பிடி எழும்பாமல் படுத்தே கிடக்கிற ஆளை ‘சோம்பேறி, மூண்டு வேளை சாப்பாடு குடுக்க இப்பிடித்தான்’ எண்டு சொல்லுற ஆக்கள் வருவினம். ஸ்கிசோஃப்ரேனியா எண்ட மனச்சிதைவு நோயில ஆசை, உற்சாகம், முகத்தில உணர்ச்சி எல்லாம் வடிஞ்சு போறதும் நோயின்ர ஒரு பக்கம்தான், குரல் கேக்கிறதைவிட அது பிடிவாதமா நிக்கும், மருந்துக்கும் பெருசா மசியாது. ஒரு நாளைக்கு ஒரு சின்ன வேலை, பூவுக்குத் தண்ணி விடுறது, தேங்காய் துருவுறது, அதுவும் கூட நிண்டு. அவ்வளவுதான் செய்யலாம்.

மருந்து விசயத்தில ரெண்டு மூண்டு கட்டாயம் தெரியவேணும். மாசத்துக்கு ஒருக்கா ரெண்டு தரம் போடுற டிப்போ ஊசி (மருந்து உடம்பில மெல்ல மெல்ல இறங்கிற ஊசி) எடுக்கிற ஆக்களுக்கு திகதி தவறக் கூடாது, ஒரு கலண்டரை குசினியில தொங்க விடுங்கோ. மற்ற மருந்து சரிவராத ஆக்களுக்குக் குடுக்கிற குளோசபீன் எடுக்கிற ஆளுக்கு ரத்தத்தில வெள்ளை அணு குறையுதா எண்டு பாக்கவேணும், முதல் 18 கிழமை ஒவ்வொரு கிழமையும் பாக்கிறதுதான் வழக்கம், பிறகு இடைவெளி கூடும். இதில ஆரும் யோசிக்காத ஒண்டு சிகரெட். சிகரெட் புகை குளோசபீனை உடம்பில கெதியா உடைக்கும், அதால கூடப் பத்துற ஆளுக்கு டோஸ் கூட இருக்கும், நீங்கள் நல்ல எண்ணத்தில ‘வீட்டில சிகரெட் இல்லை’ எண்டு ஒரேயடியா நிப்பாட்டினால் ரத்தத்தில மருந்து ஏறி ஆள் தூங்கி விழுவார், வலிப்பும் வரலாம். நிப்பாட்டுறதெண்டால் டொக்டரிட்ட முதலே சொல்லவேணும், வீட்டுக்குள்ள வேண்டாம் எண்டால் பின் வளவில ஒரு கதிரை போடுங்கோ. மற்றது உடம்பு, இந்த மருந்துகள் பசியைக் கூட்டும், எடை ஏறும், சீனி வருத்தம் வரும், மூண்டு நேரமும் சோறு போட்டால் இன்னும் கெதியா வரும், அதால வருசத்துக்கு ஒருக்காவது சுகரும் கொலஸ்ட்ரோலும் பாக்கவேணும். 2022இல மருந்துத் தட்டுப்பாடு வரேக்க பட்டபாடு தெரியும்தானே, எப்பவும் கையில கொஞ்சம் மிஞ்சி இருக்கிற மாதிரிப் பாருங்கோ.

மருந்து போடமாட்டன் எண்டால் என்ன செய்யிறது? வீட்டை விட்டு அனுப்பக் கூடாது. கதைக்கவேணும், கிளினிக்குக்குச் சொல்லவேணும், கூடிப்போனா 1926க்கு எடுக்கலாம், அது தேசிய மனநல நிறுவனத்தின்ர 24 மணித்தியால லைன், உயிருக்கு ஆபத்தெண்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை. ஆஸ்பத்திரியில நிக்கவேண்டி வந்தாலும் அவரின்ர அறை அவருக்குத்தான், மாசம் ஒண்டரை ஆனாலும். பாக்கப் போற ஆள் வீட்டுத் திறப்பைக் கொண்டுபோய்க் காட்டட்டும். ‘கட்டில் சும்மா கிடக்குது, இன்னொருத்தரைப் போடுவம்’ எண்டு ஆராவது கூட்டத்தில சொல்லுவினம், அந்த ஆளைக் கமிட்டியில இருந்து எடுங்கோ, நான் பகிடிக்குச் சொல்லேல்லை.

அக்கம் பக்கம். போர்ட் போடாதீங்கோ. ‘மனநலம் பாதிக்கப்பட்டோர் இல்லம்’ எண்டு கேற்றில தொங்கவிட்டால் அடுத்த நாளே பெட்டிசம். முன்கூட்டிக் கூட்டம் வச்சு ஒழுங்கைக்காரரிட்ட அனுமதி கேக்கவும் வேண்டாம், நீங்கள் குடிவந்தா ஆரிட்டயும் அனுமதி கேப்பீங்களா? குடி வந்த பிறகு மற்ற ஆக்களைப்போல போய்க் கதைக்கலாம், பொங்கலுக்குப் பொங்கல் குடுக்கலாம், வெசாக்குக்குக் கூடு கட்டலாம். ஜீ.எஸ்.க்கும் பொலிஸுக்கும் சொல்லவேணும், அது வேற. இன்னொண்டு, பிறந்தநாளுக்கு, திவசத்துக்குச் சாப்பாடு குடுக்கிறம் எண்டு வாற ஆக்கள். எங்கட ஆக்களின்ர நல்ல பழக்கம்தான், ஆனா நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு முப்பது பேர் காரில வந்து, கேக் வெட்டி, ஃபேஸ்புக்குக்குப் படம் எடுத்துப் போவினம், அடுத்த நாள் அந்த அண்ணை கடைக்குப் போக எல்லாருக்கும் அவரைத் தெரியும். காசாத் தாங்கோ எண்டு சொல்லுங்கோ, கோவிச்சாலும் பரவாயில்லை. டொரோன்டோவில இருந்து நீங்களும் வீடியோ கோலில ‘எல்லாரையும் காட்டுங்கோ’ எண்டு கேக்கக் கூடாது.

பதிவு விசயம் சுருக்கமா. நீங்களே புதுசா ஒரு அமைப்புத் தொடங்கிறதெண்டால் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தில தொண்டர் நிறுவனமாப் பதியவேணும், மேல் மாகாண சமூக சேவைகள் திணைக்களத்திட்டயும் கதைக்கவேணும், கணக்கு, ஓடிட் எல்லாம் வருசா வருசம். தூரத்தில இருந்து இதைச் செய்யாதீங்கோ எண்டுதான் சொல்லுவன். ஏற்கனவே பதிஞ்சு, மனநல வேலை செய்யிற அமைப்பு ஒண்டுக்கு வீட்டை லீசில குடுங்கோ. பொரளையில சகனய எண்டு இருக்கு, தேசிய மனநலப் பேரவை, பேராசிரியர் நாளக்க மெண்டிஸ் ஆக்கள் தொடங்கினது, போய்க் கதைச்சாலே ஆரிட்டக் கேக்கலாம் எண்டாவது தெரிய வரும். லீசில ரெண்டு விசயம் எழுத்தில வேணும்: உள்ள இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் தன்ட பேரில ஒரு உடன்படிக்கை, தன்ட அறைத் திறப்பு. மற்றது காலம். நீங்கள் மூண்டு வருசத்தில விலை ஏறீட்டுது எண்டு விக்க வெளிக்கிட்டால், அந்த நாலு பேரும் ரெண்டாந்தரம் றோட்டுக்கு வருவினம், இந்த முறை பையைக் கட்டி வச்சிருக்காத நேரத்தில. ஆகக் குறைஞ்சது பத்து வருசம் கையெழுத்துப் போட ஏலுமெண்டால் செய்யுங்கோ, ஏலாட்டி வீட்டை வித்து அந்தக் காசில ஒரு பங்கை அந்த அமைப்புக்கு ஆள் சம்பளத்துக்குக் குடுங்கோ, அது குறைஞ்ச உதவி இல்லை.

முதல்ல பொம்பிளையளுக்கு எண்டு தொடங்கலாம் எண்டு நினைக்கிறன், றோட்டில அவைக்கு ஆபத்துக் கூட. அதுக்கு முந்தி ஒரு கேள்வி: உறுதி அம்மம்மாட பேரிலேயே இருக்கா, இல்லை உங்கட அம்மாவைக்கு மாத்தியாச்சா? மாத்தேல்லையெண்டால் உரித்துள்ள எல்லாரின்ர சம்மதமும் வேணும், அதில ஒருத்தர் இழுத்தாலும் மிச்சம் ஒண்டும் நடக்காது. அதை ஒரு லோயரிட்டக் காட்டிப் போட்டு எழுதுங்கோ. கீழ் தட்டில ரொயிலெட் எத்தினை, பின்பக்கம் வளவு இருக்கா எண்டதையும் சேத்து எழுதுங்கோ.